சாட்டிலைட் இன்டர்நெட் ஸ்லோவா இருக்கா? பெரிய பிளானுக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



கப்பல்ல வேலை, மலை மேல ப்ராஜெக்ட் சைட், ஃபைபர் கேபிள் எட்டாத ஊர்... இந்த மாதிரி இடங்கள்ல இன்டர்நெட்டுக்கு பல நேரம் சாட்டிலைட்தான் ஒரே வழி. ஒரு பேஜ் திறக்கவே பத்து செகண்ட் ஆகுதுன்னா, "மாசம் கொஞ்சம் கூடக் கட்டி அதிக ஸ்பீடு பிளானுக்கு மாறிடலாமா?"ன்னு தோணும். பெரும்பாலும் அந்தக் காசு வீண்தான். ஏன்னு ஒரு சின்ன கணக்குல பார்ப்போம்.

ஸ்பீடு வேற, தாமதம் வேற

ஜியோ ஸ்டேஷனரி வகை சாட்டிலைட் பூமியிலிருந்து சுமார் 35,786 கி.மீ. உயரத்துல இருக்கு. நீங்க ஒரு லிங்க்கைத் தட்டினா, அந்தக் கோரிக்கை மேல போய், தரை நிலையத்துக்கு இறங்கணும். பதிலும் அதே மாதிரி மேல போய் உங்ககிட்ட இறங்கணும். மொத்தம் சுமார் 1,43,000 கி.மீ. செகண்டுக்கு 3 லட்சம் கி.மீ. போற ஒளி வேகத்துலேயே இதுக்கு கிட்டத்தட்ட அரை செகண்ட் ஆகும். மத்த தாமதமும் சேர்த்து ஒரு ரவுண்டுக்கு 0.6 செகண்ட்னு வச்சுக்குவோம்.

ஒரு வெப்சைட் முதல் தடவை திறக்க எத்தனை ரவுண்டு? சர்வர் முகவரியைக் கேட்க ஒண்ணு, இணைப்பு போட ஒண்ணு, பாதுகாப்புப் பூட்டைச் சரிபார்க்க ஒண்ணு, பேஜைக் கேட்டு வாங்க ஒண்ணு. தோராயமா 4 × 0.6 = 2.4 செகண்ட்.

அந்த பேஜ் 1 எம்பி இருந்தா, 10 எம்பிபிஎஸ் பிளான்ல இறங்க 0.8 செகண்ட். 20 எம்பிபிஎஸ்ல 0.4 செகண்ட். அதாவது பெரிய பிளானுக்கு மாறி மிச்சமானது வெறும் 0.4 செகண்ட். அந்த 2.4 செகண்ட் அப்படியே இருக்கு!

ஷேர் மார்க்கெட் பாஷையில சொன்னா, இது ஒரு ஆர்டருக்கு 20 ரூபாய் ஃபிளாட் புரோக்கரேஜ் மாதிரி. 10 ஷேரை ஒரே ஆர்டர்ல வாங்கினா 20 ரூபாய். ஒவ்வொண்ணா 10 ஆர்டர் போட்டா 200 ரூபாய். ஆக, நாம குறைக்க வேண்டியது ஆர்டர்களைத்தான், அதாவது ரவுண்டுகளை.

செலவே இல்லாம ரவுண்டு குறைக்க 5 வழி

1. விளம்பரத் தடுப்பான் போடுங்க. ஒரு பேஜ்ல வர்ற விளம்பரங்களும் டிராக்கர்களும் வேற வேற சர்வர்ல இருந்து வரும். புது சர்வர் ஒவ்வொண்ணுக்கும் மேல சொன்ன ரவுண்டுகள் புதுசா ஆரம்பிக்கும். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர்ல யூபிளாக் ஆரிஜினை கம்ப்யூட்டர், ஆண்ட்ராய்டு போன் ரெண்டுலயும் போடலாம். டேட்டாவும் மிச்சம்.

2. கேஷை அடிக்கடி அழிக்காதீங்க. ஒரு தடவை இறங்கின லோகோ, படம், எழுத்துரு எல்லாம் அங்கதான் சேமிச்சிருக்கும். அழிச்சா மறுபடி முதல்ல இருந்து இறங்கணும். இன்காக்னிட்டோ மோடும் மூடினவுடனே எல்லாத்தையும் மறந்துடும்.

3. காத்திருக்கறதை ஒண்ணா சேர்த்துடுங்க. படிக்கப் போற அஞ்சு லிங்க்கையும் கன்ட்ரோல் கீயை அழுத்திக்கிட்டே கிளிக் பண்ணி, தனித்தனி டேப்ல திறந்துடுங்க. முதல் பேஜைப் படிக்கிறதுக்குள்ள மத்த நாலும் ரெடியா இருக்கும்.

4. பின்னணி டவுன்லோடை நிறுத்துங்க. விண்டோஸ்ல அந்த வைஃபையை 'மீட்டர்டு கனெக்‌ஷன்'னு மாத்தினா, பெரும்பாலான அப்டேட்கள் காத்திருக்கும். போன்ல போட்டோ பேக்கப்பை ஆஃப் பண்ணுங்க. பெரிய ஃபைல்களை கூட்டம் குறைஞ்ச ராத்திரி நேரத்துக்குத் தள்ளுங்க.

5. தேவையில்லாதப்போ விபிஎன் வேண்டாம். பல சாட்டிலைட் மோடம்கள் தாமதத்தைச் சமாளிக்க உள்ளுக்குள்ள சில வேலைகள் செய்யும். விபிஎன் எல்லாத்தையும் மூடி அனுப்புறதால அது நடக்காது. ஆபீஸ் விபிஎன் கட்டாயம்னா, ஆபீஸ் வேலை மட்டும் அதுல போற மாதிரி அமைக்க முடியுமான்னு ஐடி டீமைக் கேளுங்க. நீங்களா மாத்தாதீங்க.

எப்போ காசு செலவு பண்ணலாம்?

ஸ்பீடு டெஸ்ட் போட்டு 'பிங்' எண்ணைப் பாருங்க. அது 600 மில்லி செகண்ட் பக்கத்துல இருந்தா, பிரச்சினை தூரம். பிளான் மாத்தி அதைக் குறைக்க முடியாது. மாசக் கடைசியில மட்டும் ஸ்லோ ஆகுதுன்னா, டேட்டா லிமிட் முடிஞ்சு ஸ்பீடைக் குறைச்சிருக்கலாம். அப்போ கூடுதல் டேட்டா வாங்குறதுல அர்த்தம் இருக்கு.

இணைப்பையே மாத்துறதா இருந்தா, எம்பிபிஎஸ் எவ்வளவுன்னு மட்டும் கேட்காதீங்க, சாட்டிலைட் எந்த உயரத்துல இருக்குன்னும் கேளுங்க. ஸ்டார்லிங்க் மாதிரி சேவைகளோட சாட்டிலைட்கள் சுமார் 550 கி.மீ. உயரத்துலதான் சுத்துது. உயரம் 65 மடங்கு குறைவு. அந்தமான்லயும் பெரிய மாற்றம் வந்தது பாதை மாறினப்போதான். அதுவரை சாட்டிலைட்டை நம்பியிருந்த தீவுகளுக்கு, 2020 ஆகஸ்ட்ல சென்னையிலிருந்து சுமார் 2,300 கி.மீ. கடலடி கேபிள் வந்தது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை

ஸ்லோ நெட்ல பேமென்ட் பேஜ் உறைஞ்சு நின்னா, ரிஃப்ரெஷ் பண்ணாதீங்க, 'பே' பட்டனை ரெண்டாவது தடவை அழுத்தாதீங்க. பணம் போயிருக்கும், பதில் மட்டும் வந்து சேர்ந்திருக்காது. முதல்ல பேங்க் கணக்குல டெபிட் ஆகியிருக்கான்னு பாருங்க. எஸ்ஐபி, கிரெடிட் கார்டு பில் மாதிரி தேதி தவறக் கூடாததை ஆட்டோ டெபிட்ல போட்டுட்டா, அந்த டென்ஷனே இல்லை.

இந்த அஞ்சையும் ஒரு வாரம் செஞ்சு பாருங்க. அதுக்கப்புறமும் பத்தலைன்னா மட்டும் பர்ஸைத் திறங்க!