கண்ணுக்குள் தெரியும் ரத்தக் கொதிப்பு

நான் ரயில்வேயில் சேர்ந்த நாளில் நீராவி எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. பாய்லரைத் திறந்து பார்க்க முடியாது. வெளியே பொருத்திய கண்ணாடிக் குழாயில்தான் தண்ணீர் மட்டம் தெரியும். நம் உடம்பிலும் அப்படி ஒரு கண்ணாடி உண்டு. உள்ளே ஓடும் மெல்லிய ரத்தக் குழாய்களைக் கத்தி வைக்காமல் நேரே பார்க்கக்கூடிய இடம், கண்ணின் உட்புறமுள்ள விழித்திரை. 1851-ல் ஜெர்மானியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆப்தல்மாஸ்கோப் என்ற கருவியை வெளியிட்ட பிறகே டாக்டர்களுக்கு இது சாத்தியமாயிற்று.

மூக்குக் கண்ணாடி மாற்றப் போன இடத்தில்தான் எனக்கு இது தெரிய வந்தது. சொட்டு மருந்து விட்டுப் பார்த்த டாக்டர், "பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்றார். தலைவலி, மயக்கம் எதுவும் இல்லையே என்று எட்டு மாதம் முன்பு நானாகவே நிறுத்தியிருந்தேன். பார்வையிலும் குறையில்லை. ஆனால் கண் காட்டிக் கொடுத்துவிட்டது! அளந்தால் 170/100.

அழுத்தம் கூடினால் முதலில் தமனிகள் சுருங்குகின்றன. நாளடைவில் சுவர் தடித்துக் கெட்டிப்படுகிறது. விழித்திரையில் தமனி சிரையைத் தாண்டும் இடத்தில் இரண்டையும் ஒரே உறை பிணைத்திருக்கிறது. கெட்டியான தமனி மேலிருந்து அழுத்த, சிரை நசுங்குகிறது. என் கண் இந்த இரண்டாம் நிலையில் இருந்தது. அங்கே ரத்தம் உறைந்தால் திடீரென்று பார்வை மங்கும். மூன்றாம் நிலையில் ரத்தக் கசிவும் பஞ்சு போன்ற வெள்ளைத் திட்டுகளும் தோன்றும். நாலாவதில் பார்வை நரம்பின் முனையே வீங்கும். அன்றே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். 1939-ல் கீத், வேகனர், பார்க்கர் என்ற மூவர் இப்படி வகைப்படுத்தினார்கள். சரியான மருந்தில்லாத அக்காலத்தில், நாலாம் நிலையினரில் மூன்றாண்டு உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்கு 6 பேர்தான்.

நம் டில்லிக் குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறும். ஜனவரி விடியலில் லோதி கார்டனில் நடக்கும் அன்பர்கள் கவனிக்கவும். வெயில் வந்த பிறகு நடக்கலாமே. (வெள்ளை விழியில் வரும் ரத்தச் சிவப்பு வேறு சமாசாரம். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தானே மறையும். ஆனாலும் பிரஷரைப் பார்த்துவிடுங்கள்.)

லோதி ரோடுக்கு அருகிலேயே, எய்ம்ஸ் வளாகத்தில் 1967 முதல் டாக்டர் ராஜேந்திர பிரசாத் கண் மருத்துவ மையம் இயங்குகிறது. எங்கே காட்டினாலும் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டை எடுத்துச் செல்லுங்கள். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் எழுத்து தெரியாது, வெயில் கூசும். ஸ்கூட்டரை வீட்டில் விட்டுவிட்டு, பிள்ளையையோ பெண்ணையோ துணைக்கு அழைத்துப் போங்கள்.