இன்னும் எதற்கு மாஸ்க்?

கேள்வி: பட்டுக்குச் சாயம் போடுபவன் நான். கொரோனா கட்டுப்பாடெல்லாம் போயும் பஸ்ஸிலும் பட்டறையிலும் துணி மாஸ்க்கோடுதான் இருக்கிறேன். கேலி செய்கிறார்கள். கழற்றிவிடலாமா?
– வாசகர், ஆரணி

பதில்: பஸ்ஸில் உங்கள் இஷ்டம். 500 ரூபாய் அபராதக் காலம் மலையேறிவிட்டது. சளி, இருமல் இருந்தால் போடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் போடுங்கள். 2023 ஏப்ரலில் தமிழக அரசு மருத்துவமனைகளில் அதை மறுபடி கட்டாயமாக்கினார்களே! கேலி செய்பவர்கள் செய்துவிட்டுப் போகட்டும்.

எனக்குக் கவலை உங்கள் பட்டறைதான். கொதிக்கும் தொட்டியில் பட்டை முக்கிப் புரட்டும்போது எழும் அமில நெடியைத் துணி மாஸ்க் தடுக்காது. ஆவியில் நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொண்டால் மூச்சுதான் முட்டும். சாயப்பொடியை எடை போடும்போது பறக்கும் தூசுக்கு என்-95 சரி. நெடிக்கு அதுவும் உதவாது. தொட்டிப் பக்கம் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள்.