சாவி என் கைப்பையில் இருந்தது

2025 மார்ச் 23, அதிகாலை ஒரு மணி. சென்னை விமான நிலைய கவுண்டரில் இருந்த பெண் என் ஜெர்மன் ரெசிடென்ஸ் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேடம், இது ஒன்பதாம் தேதியோட முடிஞ்சிருச்சே?" நீட்டிப்புக்கு ஜனவரியிலேயே விண்ணப்பித்துவிட்டேன் என்று செல்போனில் இருந்த மெயிலைக் காட்டினேன். சூப்பர்வைசர் வந்தார். பொறுமையாகப் படித்தார். "விண்ணப்பம் வந்து சேர்ந்துச்சுன்னுதாம்மா இதுல போட்டிருக்கு. இதை வெச்சு உங்களை ஏத்த முடியாது" என்றார். கவுண்டரை மூடும்வரை அங்கேயே நின்றேன்.

அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றிப்போனால் விமான நிறுவனத்துக்கு ஆள் ஒன்றுக்கு 1,000 முதல் 5,000 ஈரோ வரை தண்டம் விதிக்க ஜெர்மன் சட்டத்தில் இடமிருக்கிறது. என் வருத்தமெல்லாம், "மெயில் வந்தாப் போதும்மா, நானே ரெண்டு தடவை போய்ட்டு வந்துட்டேன்" என்று சொன்ன சீனியர் அண்ணா மேல்தான். அவர் போய்வந்த இரண்டு முறையும் அவர் கார்டில் தேதி மிச்சமிருந்தது. அதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜெர்மனியில் படிக்கும் நீங்களும் என்னைப்போல பிப்ரவரியில் தேர்வை முடித்துவிட்டு, ஏப்ரலில் வகுப்பு தொடங்குவதற்குள் ஊருக்குப் போய்வர நினைப்பீர்கள். உங்கள் கார்டும் அந்த இடைவெளியிலேயே முடியலாம். ஆகவே இதைக் கவனமாகப் படியுங்கள். கார்டு முடிவதற்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய அனுமதி தொடர்வதாகவே ஜெர்மன் குடியிருப்புச் சட்டம் கொள்கிறது. ஜெர்மனிக்குள் இருக்கும்வரை அதனால் கவலையில்லை. வெளியே போய்த் திரும்ப வேண்டுமென்றால் அதற்குச் சான்றாக ஒரு தாள் கையில் வேண்டும். ஃபிக்‌ஷன்ஸ்பெஷைனிகுங் என்று பெயர். கட்டணம் 13 ஈரோ. அதன் மூன்றாம் பக்கத்தில் மூன்று கட்டங்கள் இருக்கும். மூன்றாவது கட்டத்தில், அதாவது 81ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு என்று எழுதியிருக்கும் இடத்தில், குறி விழுந்திருக்க வேண்டும். அப்படியானால் பழைய கார்டு, பாஸ்போர்ட் இரண்டோடும் சேர்த்து அதைக் காட்டித் திரும்பி வரலாம். முதல் கட்டத்தில் குறி இருந்தால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு நாட்டைவிட்டே கிளம்பாதீர்கள்.

இவ்வளவும் தெரிந்துகொண்டது விமானத்தைத் தவறவிட்ட பிறகு. மதுராந்தகம் தாண்டிவிட்ட காரைத் திருப்பிக்கொண்டு அப்பாவும் அம்மாவும் வந்து சேர்ந்தபோது, டிராலியில் இரண்டு பெட்டிகளோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. "பெட்டிய வண்டில ஏத்தட்டுமா சாமி?" என்றார். கரூர் போய்ச் சேரும்வரை யாரும் பேசவில்லை. பெட்டிக்குள் பருப்புப் பொடி டப்பா திறந்துகொண்டு கார் முழுக்க வாசம்.

வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் பத்து நாளில் ஆறு மெயில் போட்டேன். ஏப்ரல் 2ஆம் தேதி ஒற்றை வரியில் பதில் வந்தது: 'நீங்கள் கேட்ட சான்று பிப்ரவரி 19 அன்று தபாலில் அனுப்பப்பட்டுவிட்டது.' நான் ஊருக்கு விமானம் ஏறியது பிப்ரவரி 14. ஐந்தே நாளில் அனுப்பியிருக்கிறார்கள். ஆறு வாரமாக அந்தத் தாள் என் விடுதியின் கீழ்த்தளத்தில், என் பெயர் ஒட்டிய தபால் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. அந்தப் பெட்டியின் சாவி கரூரில், என் கைப்பையின் உள் ஜிப்புக்குள் இருந்தது.

எனக்கு அதிகம் செலவு வைத்த தவறு இதுதான். சீனியர் பேச்சைக் கேட்டதைக்கூட மன்னித்துவிடலாம். ஜெர்மனியில் வங்கி, காப்பீடு, அரசு அலுவலகம் என்று எதுவாக இருந்தாலும் முக்கியமான சேதி தாளில்தான் வரும் என்பது அங்கே ஒன்றரை வருடம் இருந்த எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தச் சிறு பித்தளைச் சாவியை யாரிடமும் கொடுத்துவிட்டு வரத் தோன்றவில்லை. விடுதிக் காப்பாளர், அடுத்தவர் தபால் பெட்டியைத் திறக்க முடியாது என்றுவிட்டார். கடித ரகசியத்தை அரசியல் சாசனத்தின் 10ஆம் பிரிவிலேயே எழுதி வைத்திருக்கும் நாடு. அவரை வற்புறுத்த முடியவில்லை.

சாவியையே அனுப்பினேன். கூரியர் கடைப் பையன் உறையை அழுத்திப் பார்த்துவிட்டு, "உள்ள சாவி மட்டுந்தானுங்களா அக்கா?" என்று இரண்டு முறை கேட்டான். எதிர் அறையில் இருக்கும் கொலம்பியாப் பெண் ஏப்ரல் 8ஆம் தேதி பெட்டியைத் திறந்து, தாளைப் படமெடுத்து அனுப்பினாள். மூன்றாவது கட்டத்தில் குறி விழுந்திருந்தது. மறுநாளே அசலை கூரியரில் போட்டாள். சித்திரை ஒன்றாம் தேதி விடுமுறை என்பதால் ஒரு நாள் தாமதமாக, 15ஆம் தேதி கைக்கு வந்தது. 18ஆம் தேதி புது டிக்கெட்டில் ஏறினேன். 48,000 ரூபாய், அப்பா நகைக்கடன் வைத்துக் கட்டியது.

ஐந்து வாரம் ஊருக்கு வந்ததே தவறு என்று பெரியப்பா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கூடப் பிறந்த அக்காவுக்கு மாசியில் கல்யாணம். அதற்குப் போகாமல் அறையில் உட்கார்ந்து படித்திருந்தால் என்ன மார்க் வந்திருக்கும்? போனது சரிதான். மறுபடியும் போவேன். சாவியைக் கொடுத்துவிட்டுப் போவேன்.

மற்றதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். அடுத்த செமஸ்டர் கட்டணத்தைக் கிளம்பும் முன்பே கட்டிவிடுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் முன் அனுமதி இல்லாமல் வெளியே இருந்தால் கார்டில் தேதி இருந்தாலும் அனுமதி போய்விடும். நெய், பால்கோவா, கறி ஊறுகாய் எதையும் எடுத்து வராதீர்கள். பால், இறைச்சிப் பண்டங்களைப் பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள். காயவைத்துப் பொடியாக்கிக் கொண்டுவாருங்கள். அம்மாவிடம் இதைப் பெட்டி கட்டும் முன் சொல்லுங்கள். கட்டிய பிறகு எடுக்கச் சொன்னால் மனசு கஷ்டப்படுவார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆய்வக வகுப்பு தொடங்கிவிட்டது. முதல் வாரப் பாதுகாப்புப் பயிற்சிக்கு வராதவர்களைச் சேர்ப்பதில்லை. ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும் வகுப்பு என்பதால் என் படிப்பு ஒரு செமஸ்டர் நீளுகிறது. இதை அந்த சீனியர் அண்ணாவிடம் நேரிலேயே சொன்னேன். "உன்னோட கேஸ் வேறம்மா" என்றார். வேறல்ல அண்ணா. நீங்கள் தேதியோடு போனீர்கள், நான் தேதியில்லாமல் போனேன். அடுத்தவருக்குச் சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் மதுரைக்குக் கிளம்பிய ஜூனியர் பெண், செப்டம்பரில் கார்டு முடிகிறது என்றாள். விமானத்துக்கு முந்தின நாள் அவள் அறைக்கே போய்ச் சாவியை வாங்கிக்கொண்டு வந்தேன்.