பெண் முயலுக்குக் கருத்தடை: எந்த வயதில் செய்வது?

பேரப்பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கிய முயலைப் பகல் முழுவதும் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் நீங்களாகத்தான் இருப்பீர்கள். அது பெண் முயலாக இருந்தால், கருத்தடை அறுவை சிகிச்சை பற்றி அதற்கு ஒரு வயது ஆவதற்குள் குடும்பத்தோடு பேசி முடிவெடுங்கள்.

“வீட்டில் ஒரே முயல்தானே, ஆண் முயலே இல்லையே, எதற்கு வீண் செலவு?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் குட்டி போடாமல் தடுப்பது இந்தச் சிகிச்சையின் ஒரு பயன் மட்டுமே. கருத்தடை செய்யப்படாத பெண் முயல்களுக்கு மூன்று, நான்கு வயதுக்குப் பிறகு கருப்பையில் புற்றுநோய் வருவது மிகச் சாதாரணம். அது நுரையீரலுக்கும் பரவக்கூடும். நன்கு கவனித்தால் முயல் 8 முதல் 12 ஆண்டுகள் வரை வாழும். அதில் பாதியை இந்நோய் பறித்துவிடலாம். இளவயதிலேயே கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டால் அந்தப் பயம் இல்லை.

சிறிய இன முயல்கள் 4 மாதத்திலேயே பருவமடையலாம். பெரிய இனங்களுக்கு 6 மாதமோ அதற்கு மேலோ ஆகும். அதனால் 6 மாத வயதையொட்டிச் செய்வது வழக்கம். அதற்கு வெகு முன்பே செய்தால் கருப்பை வளர்ந்திருக்காது. வயதும் எடையும் கூடிவிட்டால் உள்ளே கொழுப்பு சேர்ந்து அறுவை சிகிச்சை கடினமாகும். இரண்டு வயது ஆகிவிட்டது என்பதற்காகக் கைவிட வேண்டாம்; பரிசோதித்துப் பார்த்து மருத்துவர் சொல்வார்.

சாதுவாக இருந்த முயல் திடீரென்று உறுமுகிறதா? கூண்டுக்குள் கை விட்டால் கடிக்க வருகிறதா? தன் ரோமத்தைத் தானே பிடுங்கிக் கூடு கட்டுகிறதா? பருவம் வந்துவிட்டது. ஆண் துணை இல்லாமலேயே அதற்குப் பொய்ச்சினை ஏற்படும்.

இரண்டு முயல்கள் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. குட்டியில் ஆண், பெண் அடையாளம் தவறிப்போவது சகஜம். கடைக்காரர் “இரண்டும் பெண்” என்று சொல்லியிருந்தாலும் மருத்துவரிடம் காட்டி உறுதி செய்யுங்கள். சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள்தான். ஈன்ற அன்றே மறுபடியும் சினைப்படும்.

எல்லா விலங்கு மருத்துவர்களும் முயலைப் பார்ப்பதில்லை. முயலுக்கு அடிக்கடி அறுவை சிகிச்சை செய்பவரா என்று தொலைபேசியிலேயே கேளுங்கள். வலிநிவாரணிக்கும் சேர்த்து எவ்வளவு ஆகும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நமக்கு அறுவை சிகிச்சை என்றால் முதல் நாள் இரவே சாப்பாட்டை நிறுத்தச் சொல்வார்கள். முயலை அப்படிப் பட்டினி போடாதீர்கள். அதனால் வாந்தி எடுக்க முடியாது. வயிறு காலியாக இருந்தால் குடல் இயக்கம் நின்றுவிடும். அது வழக்கமாகத் தின்னும் உலர்ந்த புல்லையும் கீரையையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.

வீடு திரும்பிய பின் குளிப்பாட்டாதீர்கள். சோபாவில் தாவ விடாதீர்கள். வீட்டில் இருக்கும் உங்கள் மருந்துகள் எதையும் கொடுக்காதீர்கள். நாம் சாப்பிடும் அமாக்சிசிலின் முயலின் உயிரையே பறித்துவிடலாம். 12 மணி நேரம் அது தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் கொண்டு போங்கள். இரவிலும் திறந்திருக்கும் விலங்கு மருந்தகத்தின் எண்ணை முன்கூட்டியே குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள்.