ஒரே மாத்திரையில் இரண்டு மருந்து எதற்கு?

கேள்வி: எனக்கு டெல்மிசார்ட்டன் 40, அம்லோடிபின் 5 சேர்ந்த பி.பி. மாத்திரை எழுதித் தந்திருக்கிறார்கள். ஒரு மருந்து போதாதா?

பதில்: பலருக்குப் போதாது. ஒரு வழியை அடைத்தால் உடம்பு வேறு வழியில் அழுத்தத்தை ஏற்றப் பார்க்கும். அம்லோடிபின், ரத்தக்குழாய்த் தசைக்குள் கால்சியம் நுழைவதைத் தடுத்துக் குழாயைத் தளர்த்துகிறது. டெல்மிசார்ட்டன், குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் ஹார்மோனைச் செயல்படவிடாமல் செய்கிறது.

அம்லோடிபின் மட்டும் சாப்பிட்டால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அது தமனிகளையே அதிகம் விரிப்பதால், நுண்குழாய்களில் அழுத்தம் கூடி நீர் கசிகிறது. டெல்மிசார்ட்டன் சிரைகளையும் விரிப்பதால் வீக்கம் குறைகிறது. இந்த ஜோடியின் அருமையே அதுதான்!

கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது. பி.பி. இறங்கிவிட்டதே என்று நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், இறங்கியிருப்பது மாத்திரையால்தான்.