பச்சிளம் குழந்தையின் பேதிக்கு எந்தப் பரிசோதனை?

வாந்தியும் தண்ணீராகப் பேதியும் உள்ள குழந்தையின் மலத்தில் வைரஸ் பார்க்க கார்டு டெஸ்ட், எலிசா, பி.சி.ஆர். என மூன்று வழிகள் உண்டு. விலை கூடியதே நல்லது என்று நினைத்துவிட வேண்டாம்.

ரோட்டா வைரஸ்தானா என்று மட்டும் தெரிய வேண்டுமானால் கார்டு டெஸ்ட் போதும். 1973இல் மெல்பர்னில் ரூத் பிஷப் குழுவினருக்கு இந்த வைரஸைக் காண எலெக்ட்ரான் நுண்ணோக்கி தேவைப்பட்டது. இன்று கால் மணி நேரத்தில் கார்டில் தோன்றும் ஒரு கோடு சொல்லிவிடுகிறது. காரணம், நோய் முற்றிய நாட்களில் ஒரு கிராம் மலத்தில் ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட வைரஸ்கள் வெளியேறுகின்றன. அவ்வளவு இருப்பதைக் கண்டுபிடிக்க நுட்பமான கருவி எதற்கு? பேதி உண்டாக்கும் இன்னொரு வைரஸான நோரோ அப்படியில்லை. அதில் வகைகள் ஏராளம் என்பதால் கார்டு பலவற்றைத் தவறவிடும். அதற்கு பி.சி.ஆர். தான்.

எலிசா தனிக் குழந்தைக்கு ஏற்றதல்ல. ஒரே தட்டில் 96 குழிகள். மாதிரிகள் சேரும்வரை லேப் காத்திருக்கும். நோய்க் கண்காணிப்புக்கு அது பொருத்தம். வேலூர் சி.எம்.சி. போன்ற ஆய்வகங்கள் அதில் பாசிட்டிவ் ஆனவற்றை எடுத்து, பி.சி.ஆர். மூலம் வைரஸின் மரபு வகையைப் பார்க்கின்றன.

மிகக் குறைந்த வைரஸையும் கண்டுபிடிப்பதுதான் பி.சி.ஆரின் பலம்; தொல்லையும் அதுவே. நலமாக விளையாடும் குழந்தையின் மலத்திலும் அது வைரஸைக் காட்டும். 6, 10, 14 வாரங்களில் கொடுக்கும் ரோட்டா சொட்டு மருந்தில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ். அதுவும் சில நாட்கள் மலத்தில் வரும். சொட்டு மருந்து கொடுத்த தேதியை லேப்பில் சொல்லாவிட்டால் அறிக்கை வீண் பீதி கிளப்பும். காப்பகத்தில் பல பிள்ளைகளுக்கு ஒன்றாகப் பேதி வந்தாலோ, எதிர்ப்பாற்றல் குன்றிய குழந்தைக்குப் பேதி நிற்காமல் நீண்டாலோ பி.சி.ஆருக்குச் செலவழிக்கலாம்.

மற்றபடி, வீட்டிலேயே சமாளிக்கக்கூடிய பேதிக்கு மூன்றுமே வேண்டாம் என்பேன். எந்த வைரஸானாலும் ஓ.ஆர்.எஸ்., ஜிங்க், தாய்ப்பால்தான் வைத்தியம். தேவையில்லாத ஆன்டிபயாடிக்கைத் தவிர்க்க உதவும் என்று மருத்துவர் கருதினால் கார்டு டெஸ்ட் செய்யலாம்.

மாதிரியை முதல் மூன்று நான்கு நாட்களுக்குள் எடுங்கள். டயப்பர் தண்ணீரையெல்லாம் உறிஞ்சிவிடும். உள்ளே பிளாஸ்டிக் தாள் விரித்தால் மலம் கிடைக்கும். உடனே கொடுக்க முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் தனியாக மூடி வையுங்கள். உறைய விட வேண்டாம். மலத்தில் ரத்தம் கண்டால் இந்தச் சோதனைகளை விட்டுவிட்டு நேரே மருத்துவரிடம் போங்கள். அப்போது தேட வேண்டியது பெரும்பாலும் பாக்டீரியாவை; அதற்குக் கல்ச்சர் என்ற வேறு சோதனை.