ஃப்ரீஸ் டிரையர் வாங்கலாமா?

கேள்வி: தோட்டத்தில் தக்காளியும் ஸ்ட்ராபெரியும் காய்த்துக் கொட்டுகின்றன. வீட்டு ஃப்ரீஸ் டிரையர் வாங்கினால் கட்டுப்படியாகுமா?
- ஒரு வாசகி, டெக்சாஸ்

பதில்: சின்ன மாடலே சுமார் 2,000 டாலர். அதோடு செலவு முடிந்துவிடாது. பை, ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலம், வெற்றிட பம்ப் ஆயிலில் ஓடும் வகை என்றால் அதற்கு எண்ணெய், மின்சாரம் என்று பின்னாலேயே வரும். ஒரு தடவைக்கு மூன்று, நான்கு கிலோதான் கொள்ளும். அது காயவே ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதுவரை பம்ப் இரைந்துகொண்டே இருக்கும். சமையலறையில் வைக்காதீர்கள்!

வேலை என்னவோ அருமையாகத்தான் செய்யும். உறைந்த பண்டத்திலுள்ள பனிக்கட்டி, வெற்றிடத்தில் தண்ணீராகாமல் நேரே ஆவியாகிப் போய்விடுகிறது. அதனால் ஸ்ட்ராபெரி சுருங்காது, நிறம் மங்காது, வாயில் போட்டால் மொறுமொறுக்கும். எண்ணெய் குறைவான சாம்பாரைத் தட்டில் மெல்லிசாக ஊற்றிக் காயவைத்தால், பிறகு வெந்நீர் விட்டதும் சாம்பாராகிவிடும். நெய், வெண்ணெய், தேன், ஜாம் மட்டும் சரிப்படாது. எடுத்ததும் தடிமனான துண்டை நடுவில் உடைத்துப் பாருங்கள். சில்லென்றோ ஈரமாகவோ இருந்தால் மறுபடி உள்ளே போகட்டும். காய்ந்ததை உடனே பையிலிட்டு ஒட்டாவிட்டால் காற்றின் ஈரத்தில் நமத்துவிடும்.

வருஷா வருஷம் விளைச்சல் மிஞ்சுகிறது, ஆண்டுக்கணக்கில் சேமிக்க வேண்டும் என்றால் வாங்கலாம். வற்றலுக்கும் தக்காளிப் பொடிக்கும் இது வேண்டாத ஆடம்பரம். நூறு டாலர் டீஹைட்ரேட்டர் போதும். டெக்சாஸ் வெயில் இலவசம்!